கப்பல் சுற்றுலாவுக்கு எந்தக் காப்பீடு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கப்பல் சுற்றுலாவுக்குப் பணம் கட்டியவர்கள் காப்பீடு பற்றிப் பேசும்போது, பெட்டி தொலைந்தால் எவ்வளவு கிடைக்கும் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். நடுக்கடலில் நெஞ்சு வலித்தால் யார் செலவு என்று கேட்பவர்கள் குறைவு. பெட்டி போனால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம். அதனால் இந்தப் பதில்களில் மருத்துவச் செலவுக்குத்தான் இடம் அதிகம்.

சாதாரணப் பயணக் காப்பீடு ஏற்கெனவே இருக்கிறது. கப்பலுக்கென்று தனியாக வேண்டுமா?

அந்தப் பாலிசியில் கப்பல் பயணம் சேருமா என்று முதலில் பாருங்கள். சில நிறுவனங்கள் குரூஸைக் கூடுதல் சேர்க்கையாகத்தான் விற்கின்றன. அதற்கான பிரீமியம் கட்டாதிருந்தால், கப்பலில் கால் வைத்ததும் அந்தப் பாலிசி வெறும் காகிதம்.

சேரும் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் அளவு பொருந்துமா என்று பார்க்க வேண்டும். ஓட்டலில் தங்கும் பயணத்தில் உடம்புக்கு முடியாவிட்டால் டாக்ஸி பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போகலாம். விமானம் தாமதமானால் ஓட்டல் எங்கேயும் ஓடிவிடாது. கப்பலில் ஆஸ்பத்திரி ஒரு நாள் தொலைவில் இருக்கலாம், கப்பல் யாருக்காகவும் காத்திருக்காது, ஒரே வாரத்தில் நான்கைந்து நாடுகளில் இறங்கி ஏறுவீர்கள். நிலத்துக்கு எழுதிய பாலிசி இந்த மூன்றில் ஏதாவது ஒன்றிலாவது இடறும்.

கப்பலிலேயே டாக்டர் இருக்கிறாரே, அப்புறம் என்ன?

இருக்கிறார். நர்ஸ்களும் இருக்கிறார்கள். பெரிய கப்பல்களில் ஈசிஜி, எக்ஸ்ரே, அடிப்படை ரத்தப் பரிசோதனை, இதயத்துக்கு மின்னதிர்ச்சி தரும் கருவி, அவசரத்துக்கு வென்டிலேட்டர் எல்லாம் உண்டு. ஆனால் அது ஆஸ்பத்திரி இல்லை. உயிரைப் பிடித்துவைத்து அடுத்த துறைமுகத்தில் ஒப்படைப்பதுதான் அதன் வேலை. பொதுவாக ரத்த வங்கி இருக்காது. ரத்தம் தேவைப்பட்டால் ஒலிபெருக்கியில் அறிவித்துப் பயணிகளிடமே கேட்பார்கள்.

செலவு விஷயம் இன்னும் முக்கியம். கப்பல் மருத்துவமனை தனியார் கட்டணத்தில் நடப்பது. டிக்கெட்டில் சாப்பாடு சேரும், நாடகம் சேரும், டாக்டர் சேர மாட்டார். பில் நேராக உங்கள் அறைக் கணக்கில் ஏறும், இறங்குவதற்கு முன் கட்டிவிட வேண்டும். காப்பீட்டு நிறுவனம் பெரும்பாலும் கப்பலுக்கு நேரடியாகப் பணம் தராது. நீங்கள் கட்டிவிட்டுப் பின்னால் கேட்டு வாங்க வேண்டும். ஆகவே கார்டில் அதற்கான வரம்பும் இருக்க வேண்டும்.

சொந்த நாட்டின் மருத்துவத் திட்டத்தையும் நம்பிவிட வேண்டாம். அமெரிக்க மெடிகேர், கப்பல் அமெரிக்கத் துறைமுகத்தில் நிற்கும்போதோ அதிலிருந்து 6 மணி நேரப் பயணத்துக்குள் இருக்கும்போதோதான் கப்பலில் பெறும் சிகிச்சையைக் கணக்கில் எடுக்கும். பிரிட்டன்காரர்கள் ஐரோப்பாவுக்கு எடுத்துப்போகும் சுகாதார அட்டை கப்பலுக்குள் செல்லாது.

மருத்துவத்துக்கு எவ்வளவு தொகை இருக்க வேண்டும்?

இரண்டு தொகைகளைத் தனித்தனியாகப் பாருங்கள். ஒன்று சிகிச்சைச் செலவு. இன்னொன்று, நோயாளியை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோகும் செலவு, அதாவது 'வெளியேற்றம்'. முதலாவதற்கு 1 லட்சம் டாலர், இரண்டாவதற்கு 2.5 லட்சம் டாலர் என்பது நான் பார்க்கும் குறைந்தபட்சம். அதற்குக் கீழே இருந்தால் பிரீமியம் எவ்வளவு மலிவாக இருந்தாலும் அந்தப் பக்கத்தை மூடிவிடுவேன்.

இரண்டாவது ஏன் பெரிது என்றால், அதில் மூன்று பயணங்கள் இருக்கின்றன. கப்பலிலிருந்து கரைக்கு, கரையிலிருந்து தகுந்த ஆஸ்பத்திரிக்கு, அங்கிருந்து வீட்டுக்கு. முதல் பயணத்தைப் பல நாடுகளில் கடலோரக் காவல்படை ஹெலிகாப்டர் கட்டணமின்றிச் செய்துவிடும். பணத்தை விழுங்குவது மற்ற இரண்டும்தான். டாக்டரும் நர்ஸும் உடன்வரும் ஏர் ஆம்புலன்ஸ் கண்டம் விட்டுக் கண்டம் போனால் பில் 1 லட்சம் டாலரைத் தாண்டிவிடும்.

ஹெலிகாப்டர் என்றதும் எல்லா இடத்துக்கும் வந்துவிடும் என்று நினைக்கக் கூடாது. அதற்கு எட்டும் தூரம் சில நூறு கிலோமீட்டர்தான். அதற்கு அப்பால் கப்பல்தான் கரையை நோக்கித் திரும்ப வேண்டும், அந்த முடிவு கேப்டனுடையது. பாலிசி எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அதை மாற்ற முடியாது.

வாசகத்தில் ஒரு சொல்லைக் கவனியுங்கள். 'அருகிலுள்ள தகுந்த ஆஸ்பத்திரிக்கு' என்று இருந்தால் உங்களைச் சேர்க்கும் இடத்தை அவர்கள்தான் தீர்மானிப்பார்கள். 'நீங்கள் விரும்பும் ஆஸ்பத்திரிக்கு' என்று இருக்கும் பாலிசிகளும் உண்டு, விலை சற்றுக் கூட. உடன் வந்தவர் கரையில் தங்கும் செலவும் அவர் வீடு திரும்பும் டிக்கெட்டும் சேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். படுத்திருப்பவரைப் பார்த்துக்கொள்ள ஓட்டலில் பத்து நாள் இருப்பவரை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். பயணத்தில் ஒருவர் இறந்துபோனால் உடலைக் கொண்டுவரும் செலவும் இதே பகுதியில்தான் இருக்கும். பேசப் பிடிக்காத விஷயம்தான், வாசித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் அபூர்வம் இல்லையா? பயமுறுத்துகிறீர்களே!

கப்பலுக்கு ஆபத்து வருவது அபூர்வம்தான். பயணிக்கு உடம்பு கெடுவது அபூர்வமே இல்லை. கப்பல் விபத்துக்கு ஓர் உதாரணம் வேண்டுமானால், 2019 மார்ச் 23 அன்று நார்வேயின் ஹுஸ்டாட்விகா கடற்பகுதியில் 1,373 பேருடன் போன வைக்கிங் ஸ்கை கப்பலின் எஞ்சின்கள் புயலில் நின்றுபோயின. எஞ்சின்களில் மசகு எண்ணெய் மட்டம் குறைவாக இருந்தது, கப்பல் ஆடிய ஆட்டத்தில் எண்ணெய் போய்ச் சேரவில்லை. 470க்கும் மேற்பட்டோரை ஹெலிகாப்டர்கள் ஒவ்வொருவராகத் தூக்கிக் கரை சேர்த்தன. மீதிப் பேருடன் கப்பல் மறுநாள் மோல்டே துறைமுகத்தை அடைந்தது. ஆனால் காப்பீடு வாங்குவது இப்படியொரு நாளுக்காக அல்ல. குளியலறையில் வழுக்கி இடுப்பு எலும்பு முறியும் சாதாரணச் செவ்வாய்க்கிழமைக்காக.

பிபி, சுகர் மாத்திரை சாப்பிடுகிறோம். சொன்னால் பிரீமியம் ஏறுமே?

ஏறும். சொல்லாவிட்டால் கிளைம் போகும். எது மேல்?

கிளைம் வந்தபின் நிறுவனம் முதலில் கேட்பது உங்கள் பழைய மருத்துவப் பதிவுகளைத்தான். சில நாடுகளில் பாலிசி வாங்கும்போதே கேள்விப் பட்டியல் தருவார்கள், ஒவ்வொரு நோய்க்கும் பதில் சொல்ல வேண்டும். வேறு இடங்களில், அமெரிக்காவில் குறிப்பாக, கேள்வி எதுவும் கேட்காமல் விற்றுவிட்டு, வாங்கிய நாளுக்கு முந்தைய 60 முதல் 180 நாட்களைப் பின்னால் புரட்டிப் பார்ப்பார்கள். அந்தக் காலத்தில் புது மாத்திரை எழுதியிருந்தாலோ, மாத்திரையின் அளவு மாறியிருந்தாலோ, அந்த நோய் நிலையாக இல்லை என்று கணக்கு, அதற்கான கிளைம் விலக்கப்படும். டாக்டர் நல்ல எண்ணத்தில் மாத்திரையைக் குறைத்தாலும் அது மாற்றம்தான்.

இதற்கு ஒரு வழி இருக்கிறது. பயணத்துக்கு முதல் பணம் கட்டிய 14 முதல் 21 நாட்களுக்குள் காப்பீடு வாங்கினால் முன்பிருந்த நோய் பற்றிய விலக்கைப் பல பாலிசிகள் தளர்த்துகின்றன. பயணச் செலவு முழுவதையும் காப்பீடு செய்திருக்க வேண்டும், வாங்கும் நாளில் பயணம் செய்யும் உடல்நிலையில் இருக்க வேண்டும் என்று நிபந்தனைகள் இருக்கும்.

இன்னொன்று. உங்கள் நோய் மட்டும் இல்லை, வீட்டில் இருக்கும் அம்மாவின் நோயும் கணக்கில் வரும். அவர் ஆஸ்பத்திரியில் சேர்ந்ததால் நீங்கள் பயணத்தை ரத்து செய்தால், அவருக்கு அந்த நோய் முன்பே இருந்ததா என்று பார்க்கும் பாலிசிகள் உண்டு.

எப்போது வாங்குவது? கிளம்பும் வாரம் வாங்கினால் போதாதா?

முன்பணம் கட்டிய வாரமே வாங்கிவிடுங்கள். மருத்துவப் பாதுகாப்பு கிளம்பிய நாளிலிருந்துதான் தொடங்கும், ஆனால் ரத்துக்கான பாதுகாப்பு வாங்கிய நாளிலிருந்தே ஓடத் தொடங்கிவிடும். இரண்டுக்கும் பெரும்பாலும் ஒரே பிரீமியம். தாமதித்தால் அந்த மாதங்கள் உங்களுக்குத்தான் நஷ்டம். கப்பல் நிறுவனங்களின் ரத்துக் கட்டணம் படிப்படியாக ஏறும், கடைசி ஓரிரு வாரங்களில் பெரும்பாலும் முழுப் பணமும் போய்விடும்.

தெரிந்த ஆபத்துக்குக் காப்பீடு கிடையாது என்ற விதியும் இருக்கிறது. அட்லாண்டிக் சூறாவளிப் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. புயலுக்குப் பெயர் வைத்தபிறகு வாங்கிய பாலிசி அந்தப் புயலுக்கு உதவாது.

விமானம் தாமதமாகி, கப்பல் கிளம்பிவிட்டால்?

கப்பலைத் தவறவிடுவதற்கென்று தனிப் பிரிவு இருக்கிறதா, எத்தனை மணி நேரத் தாமதத்துக்குப் பிறகு அது வேலை செய்யும் என்று பாருங்கள். 3 மணி என்று சிலவற்றில் இருக்கும், 6 மணி, 12 மணி என்றும் இருக்கும். உங்கள் விமானம் இரண்டரை மணி நேரம் தாமதித்து, கப்பல் கண்ணெதிரே கிளம்பினால் 3 மணிப் பாலிசி கையை விரித்துவிடும்.

அடுத்த துறைமுகத்தில் போய்ப் பிடித்துக்கொள்ளலாம் என்பார்கள். எப்போதும் முடியாது. அந்த நாட்டுக்கு விசா வேண்டும். அமெரிக்காவில் இன்னொரு சிக்கல்: வெளிநாட்டுக் கொடியுள்ள கப்பல் ஓர் அமெரிக்கத் துறைமுகத்தில் ஆளை ஏற்றி வேறோர் அமெரிக்கத் துறைமுகத்தில் இறக்குவதை 1886ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று கட்டுப்படுத்துகிறது. நடுவில் ஏறுபவர் இதில் மாட்டலாம், அபராதமும் உண்டு.

எந்தப் பாலிசியையும்விட நல்ல காப்பீடு ஒன்று இதற்கு இருக்கிறது: கப்பல் கிளம்பும் ஊருக்கு முந்தைய நாளே போய்விடுவது. ஓர் இரவு ஓட்டல் வாடகைதான் பிரீமியம்.

கரையில் ஊர் சுற்றப் போய்க் கப்பலைத் தவறவிட்டால்?

பெரும்பாலும் காப்பீடு கிடையாது. உங்கள் தாமதம் உங்கள் பொறுப்பு. 2024 மார்ச் மாதம் சாவோ டோமே தீவில் தனியார் சுற்றுலாவுக்குப் போன 8 பேர் தாமதமாகத் திரும்ப, கப்பல் அவர்களை விட்டுவிட்டுப் போய்விட்டது. பல நாடுகளைக் கடந்து அலைந்து செனகலின் டக்காரில்தான் அவர்கள் மறுபடி ஏறினார்கள். கப்பலே ஏற்பாடு செய்த சுற்றுலாவில் போனால் பொதுவாகக் காத்திருப்பார்கள், இல்லாவிட்டால் அடுத்த இடத்துக்குக் கொண்டு சேர்ப்பார்கள். தனியாகப் போவது மலிவு, எனக்கும் அதுதான் பிடிக்கும், ஆனால் இரண்டு மணி நேரம் முன்பே திரும்பிவிடுவேன். பாஸ்போர்ட்டின் நகல், கார்டு, அன்றாட மாத்திரை மூன்றும் பையில் இருக்கட்டும்.

ஒரு துறைமுகத்துக்கே போகாமல் கப்பல் திரும்பிவிட்டது. பணம் திரும்புமா?

டிக்கெட் ஒப்பந்தத்தைப் படித்தால் கேப்டன் வழியை மாற்றலாம் என்று தெளிவாக எழுதியிருக்கும். அந்தத் துறைமுக வரியைத் திருப்பித் தருவார்கள், அவ்வளவுதான். குரூஸ் சேர்க்கை உள்ள சில பாலிசிகள் தவறிய துறைமுகம் ஒவ்வொன்றுக்கும் சிறு தொகை தரும். அதை மட்டும் பார்த்து பாலிசி எடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

பயணம் வேறோர் ஊரில் முடிவதுதான் உண்மையான தொல்லை. 2024 மார்ச் 26 அன்று அமெரிக்காவின் பால்டிமோரில் பாலம் இடிந்து துறைமுகம் அடைபட்டபோது அங்கே திரும்ப வேண்டிய கப்பல் நார்ஃபோக்கில் போய் நின்றது, பயணிகள் பஸ்ஸில் திரும்பினார்கள். திரும்பும் விமான டிக்கெட்டைத் தனியாக வாங்கியிருந்தால் அந்த நஷ்டம் சேருமா என்று பாருங்கள்.

நதிக் கப்பலுக்கும் இதே கேள்விதான், காரணம் மட்டும் தண்ணீர். 2018, 2022 ஆண்டுகளில் ரைன் நதியில் நீர் மட்டம் இறங்கிக் கப்பல்கள் தடுமாறின. அப்படிப்பட்ட நாட்களில் கப்பலுக்குப் பதில் பஸ்ஸில் அழைத்துப்போவார்கள். பயணம் 'நடந்துவிட்டது' என்பதால் ரத்துப் பிரிவு அதற்குப் பணம் தராது.

அறையிலேயே அடைத்துவைத்தால்?

நோரோ வைரஸ் வாந்திபேதி வந்தால் ஓரிரு நாள் அறையை விட்டு வெளியே வரக் கூடாது என்பார்கள். 2020 பிப்ரவரியில் ஜப்பானின் யோகோஹாமாவில் டைமண்ட் பிரின்சஸ் கப்பலில் 3,711 பேர் அடைபட்டுக் கிடந்ததும், அதில் 712 பேருக்குக் கொரோனா வந்ததும் நினைவிருக்கும். அறைக்குள் அடைபட்ட ஒவ்வொரு நாளுக்கும் தொகை தரும் பிரிவு குரூஸ் பாலிசிகளில் உண்டு. கப்பல் டாக்டர் எழுத்தில் தந்தால்தான் செல்லும். நீங்களே பயந்து உள்ளே இருந்த நாட்கள் சேராது.

கப்பல் கம்பெனியே டிக்கெட்டோடு விற்கும் காப்பீட்டை வாங்கலாமா?

வசதி உண்டு, பல நேரம் வயதைப் பார்க்காமல் ஒரே விலை. எழுபதைத் தாண்டியவர்களுக்கு இது லாபமாகக்கூட அமையலாம். குறைகளும் உண்டு. அவர்களிடம் வாங்கியவற்றுக்கு மட்டும் பாதுகாப்பு, தனியாக வாங்கிய விமான டிக்கெட் சேராது. மருத்துவத் தொகை சிறியதாக இருக்கும். ரத்து செய்தால் சில திட்டங்களில் பணத்துக்குப் பதில் அடுத்த பயணத்துக்கான வரவு தருவார்கள்.

எல்லாவற்றுக்கும் மேல், கம்பெனியே திவாலானால்? 2022 ஜனவரியில் கிரிஸ்டல் சிம்ஃபனி கப்பல், எரிபொருள் பாக்கிக்காக அமெரிக்காவில் பறிமுதல் உத்தரவு காத்திருந்ததால், மயாமிக்குப் போகாமல் பஹாமாஸின் பிமினிக்குத் திரும்பியது. பயணிகளை ஃபெர்ரியில் ஏற்றி அனுப்பினார்கள். கம்பெனி விற்கும் திட்டம் கம்பெனியின் வீழ்ச்சிக்கு ஈடு தராது. வெளியில் வாங்கும் பாலிசியில் நிறுவனம் நொடிந்தால் ஈடு தரும் பிரிவு இருக்கிறதா என்று கேளுங்கள்.

கிரெடிட் கார்டோடு இலவசமாக வருவது?

தாமதம், பெட்டி, சில நேரம் ரத்து. மருத்துவம் பெரும்பாலும் இல்லை, இருந்தாலும் சொற்பம். டிக்கெட்டை அதே கார்டில் வாங்கியிருக்க வேண்டும். துணைக்கு வைத்துக்கொள்ளலாம்.

'எந்தக் காரணத்துக்காகவும் ரத்து' என்ற சேர்க்கை எடுக்க வேண்டுமா?

மனம் மாறலாம், ஆபீசில் லீவு கிடைக்காமல் போகலாம் என்றால் எடுங்கள். கட்டியதில் 50 முதல் 75 சதவீதம்தான் திரும்பும். முன்பணம் கட்டிய இரண்டு மூன்று வாரத்துக்குள் வாங்க வேண்டும், கிளம்ப 48 மணி நேரத்துக்கு முன்பே ரத்து செய்ய வேண்டும். பிரீமியம் கணிசமாக ஏறும். எனக்கு என்றால் அந்தப் பணத்தை மருத்துவத் தொகையை உயர்த்தப் போடுவேன்.

பெட்டி, நகை, கேமரா? கப்பலே மூழ்கினால்?

கப்பல் நிறுவனத்தின் பொறுப்பை ஏதென்ஸ் ஒப்பந்தம் வரையறுக்கிறது. 2014 முதல் நடைமுறையில் உள்ள திருத்தத்தின்படி அறையில் வைத்த சாமான்களுக்கு ஒரு பயணிக்கு 2,250 எஸ்.டி.ஆர். வரை. இது சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு, ஒன்றின் மதிப்பு ஓர் அமெரிக்க டாலரைவிடச் சற்று அதிகம். கப்பல் விபத்தில் உயிரிழப்போ காயமோ என்றால் 2,50,000 எஸ்.டி.ஆர். வரை நிறுவனத்தின் தவறை நிரூபிக்கத் தேவையில்லை, உச்சவரம்பு 4,00,000. ஆனால் அமெரிக்கா உள்படப் பல நாடுகள் இதில் சேரவில்லை.

பாலிசியில் பெட்டிக்கு மொத்தமாக ஒரு தொகை போட்டிருந்தாலும் ஒரு பொருளுக்கு இவ்வளவுதான் என்று தனி வரம்பு கீழே இருக்கும். நகையை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

எந்தப் பகுதியைத் தேர்ந்தெடுப்பது?

கப்பல் நிற்கும் எல்லா நாடுகளும் அடங்க வேண்டும். 'அமெரிக்கா, கனடா தவிர்த்த உலகம்' என்ற மலிவு வகையில் கரீபியன் தீவுகளையும் விலக்கியிருக்கும் பாலிசிகள் உண்டு. ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குச் சேர்த்துத் தரும் ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தபட்சம் 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு வேண்டும். அது விசா வாங்குவதற்கான அளவு, கப்பலுக்குப் போதுமான அளவு அல்ல. அண்டார்டிகா என்றால் வெளியேற்றத் தொகை எவ்வளவு இருக்க வேண்டும் என்பதைப் பயண நிறுவனமே எழுதிக் கேட்கும், அதைவிடக் குறையக் கூடாது.

கர்ப்பிணிகள்?

பெரும்பாலான கப்பல்கள் பயணம் முடியும் முன் 24ஆவது வாரத்தைத் தொடுபவர்களை ஏற்றாது. இது தெரியாமல் டிக்கெட் வாங்கினால் காப்பீடும் கைகொடுக்காது. தேதியை எண்ணிவிட்டுப் பணம் கட்டுங்கள்.

கிளைமுக்கு என்னென்ன வேண்டும்?

பெரிய சிகிச்சை அல்லது வெளியேற்றம் என்றால் முதலில் பாலிசியில் உள்ள அவசர எண்ணைக் கூப்பிட வேண்டும். அவர்கள் ஒப்புக்கொள்ளாமல் நீங்களே ஏற்பாடு செய்த ஏர் ஆம்புலன்ஸுக்குப் பணம் வருவது கடினம். கப்பலின் வரவேற்பு மேசையில் சொன்னால் போன் போட்டுத் தருவார்கள். திருட்டு என்றால் 24 மணி நேரத்துக்குள் போலீஸிலோ கப்பல் பாதுகாப்புப் பிரிவிலோ புகார் எழுதி நகல் வாங்குங்கள்.

மதுவருந்திவிட்டு விழுந்தால் பல பாலிசிகள் கிளைமை மறுக்கும். ஸ்கூபா, ஜெட் ஸ்கீ போன்றவற்றுக்குத் தனிச் சேர்க்கை தேவைப்படலாம்.

கப்பல் கணக்கில் 'மருத்துவம்' என்று ஒற்றை வரியில் ஒரு தொகை இருக்கும். அது கிளைமுக்குப் போதாது. என்ன நோய், என்ன பரிசோதனை, எந்த மருந்து, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு என்று பிரித்து எழுதிய பில்லையும் டாக்டரின் குறிப்பையும் இறங்கும் நாளுக்கு முந்தைய மாலையே கேட்டு வாங்கிவிடுங்கள். இறங்கும் நாள் காலையில் மருத்துவமனை வாசலிலும் வரவேற்பு மேசையிலும் நீண்ட வரிசை நிற்கும்.